பூமியைப் பிடிக்க வந்தவன் வீடு பெருக்குகிறான்!

வானத்திலிருந்து ஒருவன் வருகிறான். தவளை முகம். பச்சை உடம்பு. தலையில் தொப்பி. பூமியைப் பிடித்து ஆளப்போவதாகச் சபதம் செய்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் அவன் என்ன செய்கிறான், தெரியுமா?

வீடு பெருக்குகிறான்!

இது ஜப்பான் நாட்டுக் கார்ட்டூன் படத்தின் கதை. பெயர் "கெரோரோ". மினே யோஷிசாக்கி என்பவர் 1999-ல் இதைப் படக்கதையாக எழுதத் தொடங்கினார். 2004 முதல் 2011 வரை ஜப்பான் டெலிவிஷனில் ஓடியது. மொத்தம் 350-க்கும் மேற்பட்ட பகுதிகள்!

இப்படிப்பட்ட கதைகள் பல உண்டு. வேற்றுக் கிரகத்து வீரன் ஒருவன் பூமியைப் பிடிக்க வருவான். வேலை தெரியாமல் விழிப்பான். மனிதர்கள் நடுவிலேயே குடியிருப்பான். நாம் வயிறு குலுங்கச் சிரிப்போம்.

"கார்ட்டூன் பார்த்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று சொல்லும் பெற்றோர் நிறைய. செல்போனைப் பிடுங்கி மேலே வைத்துவிடுகிறார்கள். நேரம் காலம் இல்லாமல் பார்ப்பது தப்புதான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்தக் கதைகளில் நல்ல சரக்கு இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கட்டும். பக்கத்தில் பெரியவர்கள் உட்கார வேண்டும். எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்லித்தர வேண்டும்.

அது ஏன்? கதையைக் கேளுங்கள்.

அக்கா கையில் சிக்கினான்

கெரோரோ ஒரு படைத் தலைவன். அவனுக்குக் கீழே நான்கு வீரர்கள். பூமியை வேவு பார்க்க வந்தவன், ஓர் அக்காள், தம்பி கையில் அகப்பட்டுக்கொள்கிறான்! அவனுடைய ஆயுதமும் பறிபோகிறது.

இதைக் கேட்டதும் அவனை அனுப்பிய பெரும் படை என்ன செய்கிறது? அவனை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது!

போக இடம் இல்லை. அந்த வீட்டிலேயே தங்குகிறான். சும்மா சோறு போடுவார்களா? வீட்டு வேலை செய்தால்தான் இடம் என்கிறாள் அக்காள்.

வீட்டுக்குக் கீழே ரகசியமாக ஓர் அறை கட்டிக்கொள்கிறான். அங்கே பூமியைப் பிடிப்பது பற்றிக் கூட்டம் நடக்கும். ஆனால் அவன் மனம் எல்லாம் பொம்மை மேல்! ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மை என்றால் அவனுக்கு உயிர். படைக்கு வந்த பணம் பொம்மைக் கடைக்குப் போகிறது.

தம்பி அவனுக்குச் சிநேகிதன் ஆகிறான். அக்காள் திட்டுவாள், சோறும் போடுவாள். பிடிக்க வந்தவனை ஒரு குடும்பம் பிடித்துக்கொண்டது!

உயரமே தகுதி

அமெரிக்காவில் வந்த கதை இன்னும் காரமானது. அதன் நாயகன் பெயர் ஜிம். ஜோனென் வாஸ்குவெஸ் என்பவர் உருவாக்கியது. 2001 மார்ச் மாதம் நிக்கலோடியன் டெலிவிஷனில் தொடங்கியது. 2019-ல் முழு நீளப் படமாகவும் வந்தது.

ஜிம் பிறந்த கிரகத்தில் ஒரு விசித்திரம். யார் உயரமோ அவரே தலைவர்! அறிவு வேண்டாம். திறமை வேண்டாம். தலை மட்டும் மேலே இருந்தால் போதும். ஜிம்மோ குள்ளன்.

முன்பு நடந்த போரில் அவன் ஒரு காரியம் செய்தான். எதிரி மேல் விட வேண்டிய அடியைத் தன் சொந்தக் கிரகத்தின் மேலேயே விட்டான்! அவனைத் தலைவர்களுக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

மறுபடியும் வந்து வேலை கேட்டு நிற்கிறான். அவனைத் தொலைத்துக் கட்ட வேண்டும். தலைவர்கள் யோசிக்கிறார்கள். யாருக்கும் தெரியாத மூலையில் உள்ள ஓர் இடத்தைக் காட்டி, அதைப் பிடித்து வா என்று அனுப்பிவிடுகிறார்கள். துணைக்கு ஓர் எந்திர மனிதனையும் தருகிறார்கள். அதையும் குப்பையில் கிடந்த சாமான்களை வைத்துச் செய்து கொடுக்கிறார்கள்.

அந்த மூலைதான் நம்முடைய பூமி!

தன்னைத் துரத்திவிட்டார்கள் என்பது ஜிம்முக்குத் தெரியவில்லை. பெரிய பொறுப்பு கிடைத்ததாகப் பூரித்துப் போகிறான். 2019-ல் வந்த படத்தில் இன்னும் வேடிக்கை. தலைவர்களின் படை வரும் வழியிலேயே பூமி இல்லை என்று அவனுக்குத் தெரியவருகிறது. உடனே பூமியையே தூக்கி அவர்கள் வழியில் வைக்கப் பார்க்கிறான்!

மேலிடத்துக்கு நல்ல பிள்ளையாக வேண்டும் என்று ஊரையே பணயம் வைப்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஊருக்குக் கண் இல்லை

ஜிம் பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். தலையில் ஒரு பொய் முடி. கண்ணில் பொய்க் கண். அவ்வளவுதான் வேஷம். மூக்கும் இல்லை, காதும் இல்லை. உடம்பு பச்சைப் பசேல் என்று இருக்கிறது. கேட்டால் தோல் வியாதி என்கிறான்.

எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்!

ஒரே ஒரு பையனுக்குத்தான் உண்மை தெரிகிறது. அவன் பெயர் டிப். இவன் வேற்றுக் கிரகத்தான் என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அவனைத்தான் ஊர் பைத்தியம் என்கிறது. பெற்ற தந்தை பெரிய விஞ்ஞானி. அவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இதுவும் ஒரு பாடம். ஊர் முழுவதும் சொல்வதனால் ஒன்று உண்மை ஆகிவிடாது. ஒருவன் மட்டும் சொல்வதனால் ஒன்று பொய் ஆகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜிம் கதையில் பயங்கரமான கட்டங்கள் உண்டு. மனிதனைப்போல ஆக வேண்டும் என்று கூடப் படிக்கும் பிள்ளைகளின் உறுப்புகளைத் திருடுவது போல ஒரு பகுதியும் இருக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம். பத்து வயது தாண்டியவர்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

நம் படங்களில் வந்தவர்கள்

வேற்றுக் கிரகத்தார் தமிழ்ப் படத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1963-லேயே வந்துவிட்டார்கள்!

"கலை அரசி" என்ற படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. காசிலிங்கம் டைரக்ட் செய்தார். அதில் ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய கிரகம். ஆனால் அங்கே பாட்டு இல்லை, கலை இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பூமிக்கு வந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்கிப் போக வருபவர் நம்பியார்!

பறக்கும் தட்டு செய்யத் தெரிந்தவனுக்குப் பாட்டுப் பாடத் தெரியவில்லை. எப்படி நயமான கற்பனை, பாருங்கள்! கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். அதுதான் அவன் செய்த பிழை.

2024 பொங்கலுக்கு "அயலான்" வந்தது. ரவிக்குமார் டைரக்ட் செய்த படம். சிவகார்த்திகேயன் நடித்தார். அதில் வரும் வேற்றுக் கிரகத்து உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தார்கள். நடிகர் சித்தார்த் குரல் கொடுத்தார். அவன் பூமியைப் பிடிக்க வரவில்லை. காப்பாற்ற வருகிறான். பூமியைத் துளைத்து நாசம் செய்யப் பார்ப்பவன் மனிதன்!

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் கதை தலைகீழாகப் புரண்டுவிட்டது. "வெளியிலிருந்து வந்தவன் கெட்டவன், உள்ளே இருப்பவன் நல்லவன்" என்ற கணக்குச் செல்லாது என்று தமிழ்ப் படமே சொல்லிவிட்டது.

நெல் வயலில் நடந்த சண்டை

"பிடிக்க வந்தவன்" என்றால் புதுச்சேரி கிராமத்து மக்களுக்கு விளக்கவே தேவையில்லை.

வில்லியனூர் தாலுக்காவில் சுத்துக்கேணி என்ற ஊர் இருக்கிறது. வீடூர் அணைத் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு இந்த ஊர்ப் பெயர்தான். அந்தப் பக்கத்தில் நடந்து பாருங்கள். புதுச்சேரி கிராமம் ஒன்று வரும். அடுத்துத் தமிழ்நாட்டுக் கிராமம் வரும். மறுபடியும் புதுச்சேரி கிராமம் வரும். ஒட்டுப் போட்ட துணிபோல இருக்கும்.

யார் போட்ட ஒட்டு இது? கடல் தாண்டி வந்தவர்கள் போட்டது. இந்தத் துண்டு பிரெஞ்சுக்காரருக்கு, அந்தத் துண்டு இங்கிலீஷ்காரருக்கு என்று பங்கு போட்டார்கள். உழுதவனை யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஊரில் பெண் கொடுத்தால், மகள் அந்நிய ஆட்சிக்குப் போனதாக அர்த்தம்!

பிரெஞ்சுக்காரர் 1674-ல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1693-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761-ல் இங்கிலீஷ்காரர் பிடித்துக் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. இப்படியே மாறி மாறி நடந்து, 1816-ல்தான் ஓய்ந்தது.

1752-ல் பாகூரில் ஒரு போர். சண்டை போட்ட இரண்டு பெரிய கைகள் யாருடையவை? ஒன்று பிரெஞ்சு, மற்றொன்று இங்கிலீஷ். நிலம் யாருடையது? நெல் விளைவித்த தமிழனுடையது!

வேற்றுக் கிரகத்தார் இரண்டு பேர் நம் வீட்டு வாசலில் நின்று, இந்த வீடு உனக்கா எனக்கா என்று அடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அன்று யாருக்கும் சிரிப்பு வந்திராது.

இங்கிலாந்தில் எச்.ஜி.வெல்ஸ் என்ற எழுத்தாளர் 1898-ல் செவ்வாய்க் கிரகத்தார் லண்டன் மேல் படையெடுப்பதாக ஒரு நாவல் எழுதினார். இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் அது பெரிய வழிகாட்டி. அதன் தொடக்கத்திலேயே டாஸ்மேனியா தீவு மக்களை ஐரோப்பியர் அழித்ததை அவர் நினைவூட்டினார். நீங்கள் பிறருக்குச் செய்ததை உங்களுக்கு ஒருவன் செய்தால் என்ன ஆகும் என்று தம் நாட்டாரையே கேட்டார்.

அந்த நாவலில் செவ்வாய்க் கிரகத்தாரைப் பீரங்கி வெல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமி வென்றது. வந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வந்தார்கள். விழுந்தார்கள்.

சிரித்தால் போதுமா?

"கொடியவனைக் கோமாளி ஆக்கினால், பிள்ளைகள் ஆபத்தை உணராமல் போய்விடுவார்களே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதிகாரம் செய்கிறவனுக்குப் பாதிப் பலம் நம் பயத்தில் இருக்கிறது. சிரிப்பு அந்தப் பயத்தைக் குறைக்கும். ஹிட்லர் உச்சத்தில் இருந்த 1940-ல் சார்லி சாப்ளின் அவனைக் கேலி செய்து படம் எடுத்தார். அவன் உருட்டிய கண்ணும் ஆட்டிய கையும் திரையில் சிரிப்பாய்ச் சிரித்தன.

ஆனால் சிரிப்பு மட்டும் போதாது. அதற்கும் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

வில்லியனூருக்குப் பக்கத்தில் கீழூர். 1954 அக்டோபர் 18-ந் தேதி அங்கே மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 178 பேர். சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படி முழுவதும் இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி.

அதற்கு முன் போராட்டம் நடந்தது. அடி உதை பட்டவர்கள் உண்டு. சிறை சென்றவர்கள் உண்டு. கடைசியில் எண்ணியது ஓட்டு. கிராமத்தில் ஒரு கொட்டகையில் நடந்த கணக்கில், இரு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆட்சி முடிந்தது! இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கார்ட்டூன் முடிந்ததும் சொன்னால் காதில் ஏறும்.

பச்சை நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஜிம்மைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறது?

"நானே பெரியவன், எல்லாம் எனக்கே" என்று அவன் குதிக்கிறான். குதித்துக் குதித்துக் குழியில் விழுகிறான். அதற்குச் சிரித்தால் நல்ல சிரிப்பு. ஆணவத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

அவன் உடம்பு பச்சையாக இருக்கிறது. மூக்கு இல்லை. நம்மைப்போலப் பேசத் தெரியவில்லை. நம் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதற்குச் சிரித்தால் அது கெட்ட சிரிப்பு.

டி.வி. பெட்டியோடு நின்றால் பரவாயில்லை. அது பள்ளிக்கூடத்துக்கும் கூடவே போகிறது.

சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார்கள்.

அந்தப் பிள்ளை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். வாத்தியார் சொல்வது புரியாது. கேட்க வார்த்தை தெரியாது. அதன் பேச்சைக் கேட்டு ஒருவன் சிரிப்பான். இன்னொருவன் பட்டப் பெயர் வைப்பான். "ஏலியன்" என்று கூப்பிட இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

அந்தப் பிள்ளை எதைப் பிடிக்க வந்தது? ஒரு பென்சிலைப் பிடிக்க வந்தது. அதற்கு நாம் படையெடுப்புப் பட்டம் கட்டலாமா?

கறுப்பு என்று சிரிப்பதும் இதே சிரிப்புத்தான். திக்கிப் பேசுகிறான் என்று சிரிப்பதும் இதுதான். கிழிந்த சட்டை போட்டிருக்கிறாள் என்று சிரிப்பதும் இதுதான்.

நம் தாத்தா யார்?

புதுச்சேரிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏன் என்றால், நம் பாட்டனாரே ஒரு காலத்தில் அயலான்!

பிரெஞ்சு ஆட்சியில் கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்! கரும்புத் தோட்டத்தில் வெட்டிப் பிழைக்க ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் சைகோனுக்குப் போனார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து எந்தெந்த நாட்டிலோ காவல் நின்றார்கள். அப்படிப் போய் வந்தவர்களைப் புதுச்சேரியில் "சொல்தா" என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

அவர்கள் இறங்கிய ஊரில் யாருக்கும் அவர்கள் பேச்சுப் புரியவில்லை. அவர்கள் நிறம் அங்கே வேடிக்கையாக இருந்திருக்கும். அவர்கள் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இருந்தும் அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். சைகோனில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே விளக்கேற்றிக் கும்பிடுபவர்களில் அந்த நாட்டு மக்களே அதிகம். வெளியூர்க்காரன் கொண்டுவந்த தெய்வம் உள்ளூர்த் தெய்வம் ஆகிவிட்டது!

பிடித்து ஆள வந்தவன் போய்விட்டான். பிழைக்க வந்தவன் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டான். கெரோரோ கதையின் சாரமும் இதுதானே? துப்பாக்கியோடு வந்தபோது அவனுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்தபோது இடம் கிடைத்தது.

என்ன செய்யலாம்?

தாய்மார்களே! தந்தைமார்களே! ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். கார்ட்டூன் போடச் சொல்லுங்கள். நீங்களும் சிரியுங்கள். வெட்கப்படாதீர்கள்!

முடிந்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள். "அவன் ஏன் தோற்றான்?" இது முதல் கேள்வி. "நீ எதற்குச் சிரித்தாய்?" இது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லும். தெரியாத ஊருக்கு வந்து எல்லாம் தெரிந்ததாக நினைத்தான், அதனால் தோற்றான் என்று சொல்லும்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசிக்கும். யோசிக்கட்டும். அப்போது கேளுங்கள்: "உன் வகுப்பில் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா? பெயர் என்ன?"

பட்டப் பெயரைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சொந்தப் பெயரைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

மறுநாள் அந்தப் பெயரோடு பிள்ளை வீட்டுக்கு வந்தால், உங்கள் அரை மணி நேரம் வீண் போகவில்லை.